முதல் வரி யாருக்கு

புத்தளம் கரைத்தீவில், பள்ளிவாசலை ஒட்டிய நலன்புரிச் சங்கக் கட்டடத்தில் ஒரு கணினி இருக்கிறது. கணினி ஒன்றுதான், சங்கத்தில் பகுதிகள் இரண்டு. ஒன்று, பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அங்கேயே இருப்பவர்கள். அவர்களை எல்லோரும் 'ஊர்' என்பார்கள். மற்றது, தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். அவர்களுக்கு இன்னும் 'வந்தாக்கள்' என்றே பெயர். எத்தனை வருடம் இருந்தால் ஒருவர் வந்தவர் இல்லாமலாவார் என்று சங்கத்தின் யாப்பு விதிகளில் எங்கும் சொல்லப்படவில்லை.

கணினியை அன்பளிப்புச் செய்த தொண்டு நிறுவனம், இரு பகுதிக்கும் பொது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது. பொது என்ற சொல் இரண்டு கூட்டங்களுக்கு மேல் உயிர் வாழவில்லை. மூன்றாவது கூட்டத்தில் கணினியின் வன்தட்டைக் காணித் துண்டு பிரிப்பதுபோல நடுவில் வெட்டினார்கள். ஊர்ப் பகுதிக்கு விண்டோஸ். ஒரு விண்டோஸுக்குத்தான் உரிமம் இருந்ததால், வந்தாக்களுக்கு உபுண்டு என்ற இலவச இயங்குதளம். இலவசமாக எது வந்தாலும் அது அகதிக்கு என்பது பழகிப்போன ஏற்பாடு. அதனால் அன்று யாரும் விவாதிக்கவில்லை.

விவாதம் பிறகு வந்தது. உபுண்டு வரும்போது ஒரு மெனுவையும் கூட்டிக்கொண்டு வந்தது. கணினியைப் போட்டதும் திரையில் இரண்டு வரி தெரியும். மேலே உபுண்டு, கீழே விண்டோஸ். பத்து விநாடிக்குள் யாரும் அம்புச் சாவியை அழுத்திக் கீழே இறங்காவிட்டால், மேலே இருப்பது தானாகத் திறந்துகொள்ளும். மெனுவைப் போட்டது உபுண்டு, ஆகவே அது தன் பெயரை மேலே எழுதிக்கொண்டது, விஷயம் அவ்வளவுதான். சங்கச் செயலாளர் ரஸாக் அதை அப்படிப் பார்க்கவில்லை.

ரஸாக் ஹாட்வெயார் கடைக்காரர், ஊர்ப் பகுதி. கணினியைப் போட்டுவிட்டு ஒரு பிளேன்டீ குடிக்கப் போய்த் திரும்பினால், திரையில் உபுண்டு கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். "எடம் குடுத்தது நாங்க. மேல ஏறி நிக்கிறது அவங்க," என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். கணினியைப் பற்றித்தான் பேசுகிறார் என்பதுபோல எல்லோரும் முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

நிஸ்ரின் வந்தாக்கள் பகுதி. அவர் பிறந்தது புத்தளம் ஆஸ்பத்திரியில். மன்னாருக்கு இரண்டு கலியாணங்களுக்காகப் போயிருக்கிறார். ஆனாலும் வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் அஹதிய்யா மார்க்கப் பாடசாலையில் படிப்பிக்கிறார். அதன் ஆண்டிறுதிப் பரீட்சைக்கு எல்லா வகுப்புக்கும் வினாத்தாள் தயாரிப்பதும் அவர்தான். முந்தைய வருடம் அந்த வினாத்தாள்களை ஊர்ப் பகுதியின் விண்டோஸில் வைத்திருந்தார்கள். அதன் கடவுச்சொல் சங்கத் தலைவரின் தொலைபேசி இலக்கம். பரீட்சைக்கு முதல் நாள் வினாத்தாள் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அந்த விண்டோஸில் கைவைத்தவர் யார் என்று தேடுவதற்குப் பதிலாக, தட்டச்சு செய்தவர் யார் என்று தேடினார்கள். அது சுலபம், ஓர் ஆள்தான். ரஸாக் பள்ளிவாசல் மைக்கில் அறிவித்தார்: வந்தாக்கள் பகுதி டீச்சரின் கவனயீனத்தால் பரீட்சை ரத்து.

அதன்பின் ஒரு வருடமாக நிஸ்ரின் கடைக்குப் போனாலும் கலியாண வீட்டுக்குப் போனாலும், "அந்தப் பேப்பர் டீச்சர்" என்ற பெயர் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அவருடைய தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் வடையைத் தொட்டார்கள். இந்த வருடப் பரீட்சை ஒழுங்காக நடந்தால்தான் அந்தப் பெயர் போகும். மாதக் கணக்கில் இருந்து எல்லாத் தாளையும் மறுபடி தயாரித்தார். இம்முறை உபுண்டுப் பக்கத்தில். சங்கமும் இதற்கு ஒரு விதி போட்டிருந்தது: வினாத்தாள் அந்தக் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது, பென் டிரைவ் தடை, மின்னஞ்சலும் தடை. ஊர்ப் பகுதியில் ஒருவருக்கும் உபுண்டுவைத் திறக்கத் தெரியாது என்பதால் அதைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று ரஸாக்கே கூட்டத்தில் சொன்னார். அதைக் குறையாகத்தான் சொன்னார்.

பரீட்சை வரும் ஞாயிறு என்றிருக்க, செவ்வாய்க்கிழமை ரஸாக் புது விண்டோஸ் போட்டார்.

பழைய விண்டோஸ் வைரஸ் பிடித்து முக்கிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அவரைக் கிளப்பியது அது இல்லை. புத்தளம் டவுனில் ஒரு கூட்டாளி அவரிடம் சொல்லியிருந்தார்: "விண்டோஸப் புதுசாப் போட்டா அந்த மெனுவே போயிரும். நேராத் தொறக்கும்." இதைக் கேட்ட நாளிலிருந்து ரஸாக்குக்குக் கடையில் ஆணி நிறுக்கவும் மனம் ஓடவில்லை.

கூட்டாளி கொடுத்த பென்னைச் செருகினார். பென் டிரைவ் தடை என்ற விதி செயலாளரைக் கட்டுப்படுத்தாது. எங்கே நிறுவுவது என்று கணினி கேட்டு, வன்தட்டின் துண்டுகளைக் காட்டியது. ஊர்த் துண்டைப் பெயரோடு காட்டிய விண்டோஸ், உபுண்டு இருந்த துண்டைப் பெயர் எதுவும் இல்லாத ஏதோ ஒன்றாகக் காட்டியது. அதன் கண்ணுக்கு அங்கே ஆட்கள் இருப்பது தெரியவில்லை. ரஸாக்குக்கு இது பிடித்திருந்தது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் பயந்த மனிதர். பெயரில்லாததைத் தொடாமல், தன்னுடைய துண்டை அழித்து அதில் நிறுவினார்.

பாதி வேலை முடிந்து கணினி ஒரு தரம் அணைந்து எழும்பியது. மெனு இல்லை. ரஸாக் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். அடுத்த நிமிடம் ஒரு பெட்டி வந்தது: கணினி எதிர்பாராத விதமாக மறுபடி தொடங்கியது, நிறுவலைத் தொடர முடியாது, ஓகேயை அழுத்துங்கள். அழுத்தினார். கணினி அணைந்து எழும்பி, அதே பெட்டியைக் காட்டியது. அழுத்தினார்.

புதன்கிழமை முழுக்க அழுத்தினார். பார்க்க வந்தவர்களும் அழுத்திப் பார்த்தார்கள். கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர், "அங்க எண்டா இத நாங்க தூக்கி எறிஞ்சிருவம்," என்று யோசனை சொல்லிவிட்டு, தானும் ஒரு தரம் அழுத்தினார்.

நிஸ்ரின் வினாத்தாள்களை அச்சடிக்க வந்தது வியாழன் மத்தியானம்.

"மெனு எங்க நானா?" என்று ரஸாக்கை அண்ணன் முறை சொல்லிக் கேட்டார்.

"போயிட்டு," என்றார் ரஸாக். அதைச் சொல்லும்போது அவர் குரலில் முழுக் கவலை இல்லை.

"அப்ப எங்கட பக்கம்?"

"நான் தொடல்ல. அல்லாஹ்வுக்காகத் தொடல்ல. அது உள்ளுக்குள்ள ஈக்கும். வழிதான் இல்ல."

நிஸ்ரின் கதிரையில் உட்கார்ந்தார். இன்னொரு பரீட்சை ரத்து, இன்னொரு மைக் அறிவித்தல். பிறகு தொலைபேசியை எடுத்து, சிலாபத்தில் கணினி திருத்தும் நிலுக்சனைக் கூப்பிட்டார்.

நிலுக்சன் பிற்பகல் அஸர் தொழுகைக்குச் சற்று முன்னால் பஸ்ஸில் வந்து இறங்கினார். முப்பது வயது, முதுகுப் பை, சிலாபத்தில் தனிக் கடை. கடைசி பஸ்ஸுக்கு முன்னால் போக வேண்டும் என்பதை வந்ததும் சொன்னார், பிறகு கால் மணிக்கு ஒருமுறை சொன்னார்.

"இத எத்தின தரம் அமத்தினீங்க அண்ணன்?"

"ரெண்டு நாளா அமத்துற."

"அது உங்களை அமத்தச் சொல்லேல்ல. தன்னால ஏலாதெண்டு சொல்லுது."

கணினியின் கூட்டைக் கழற்றினார். உள்ளே தூசியும் ஒரு கரப்பான் குடும்பமும் இருந்தன. ராம் என்ற நினைவகப் பட்டையை இழுத்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பொன்னிறமாக இருக்க வேண்டிய பற்கள் பச்சை பூத்திருந்தன. "உப்புக் காத்து. களப்புப் பக்கம் எல்லா மெஷினுக்கும் இதான் வருத்தம். இதை வச்சுக்கொண்டு விண்டோஸ் போட்டா, பாதியில விழாம என்ன செய்யும்? டீச்சர், அழிறப்பர் ஒண்டு இருக்கா?"

நிஸ்ரின் பென்சில் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நிலுக்சன் பற்களைத் தேய்த்துத் துடைத்து மறுபடி செருகினார். தன்னுடைய பென்னிலிருந்து கணினியை எழுப்பி, கறுப்பு ஜன்னலில் சில வரிகள் தட்டினார். பிறகு பென்னைக் கழற்றிவிட்டுக் கணினியை மறுபடி போட்டார்.

மெனு வந்தது. மேலே உபுண்டு. கீழே விண்டோஸ்.

பத்து விநாடி இறங்கியது. உபுண்டு திறந்தது. நிஸ்ரின் தன் கோப்புறைக்குப் போனார். ஒவ்வொரு வகுப்பின் தாளும் வைத்த இடத்தில் இருந்தது.

"என்ன தம்பி இது," என்றார் ரஸாக். "ரெண்டு நாளா நான் பாடுபட்டு இறக்கினத நீங்க அஞ்சு நிமிசத்தில மேல ஏத்திட்டீங்களே."

"அண்ணன், உங்கட பக்கம் இன்னும் முடியேல்ல. அரைவாசியில நிக்கிது. அதை முதல்ல இருந்து திருப்பிப் போடணும். ரெண்டு மணித்தியாலம் எடுக்கும்."

"அது மறுகா பாப்பம். முதல்ல எடத்தச் சொல்லுங்க. எங்கட பேர் மேல வருமா, வராதா?"

"வரும். ஆனா அண்ணன், உள்ளுக்கு ஒண்டும்..."

"வரும் எண்டு சொன்னாப் போதும்." ரஸாக் நிஸ்ரினிடம் திரும்பினார். "அது முடிவாகும் மட்டும் பேப்பர் அடிக்கிறல்ல." அச்சு இயந்திரத்தின் டோனரும் கடதாசிக் கட்டும் அலுமாரியில் இருந்தன. அலுமாரிச் சாவி அவர் சேட்டுப் பையில் இருந்தது. அதை ஒருமுறை தட்டிக் காட்டினார்.

அஸர் முடிந்ததும் அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் சாஹுல் ஹமீது ஹாஜியார். எத்தாளையில் தென்னந்தோப்பு, சமாதானத்தில் மிகுந்த நம்பிக்கை, தீர்மானங்களில் அவ்வளவு இல்லை. உப தலைவர் செய்னுலாப்தீன் மாஸ்டர். மன்னாரில் பாடசாலை அதிபராக வேண்டியிருந்தவர், இங்கே வந்து உப அதிபராக ஓய்வு பெற்றவர், இப்போது உப தலைவர். ஆள் அனுப்பி மீன் வைத்த மாலு பாண் எடுப்பித்தார்கள். நிலுக்சன் நேரத்தைப் பார்த்தார்.

"ஒரு மாசம் அவங்க மேல, ஒரு மாசம் நாங்க மேல," என்றார் ஹாஜியார். "முடிஞ்சிதானே."

"அப்ப நோன்பு மாசம் யாருக்கு?" என்றார் ரஸாக்.

"பெப்ரவரி எங்களுக்குத்தான் வரும்," என்றார் மாஸ்டர். "எனக்குத் தெரியும். குறைஞ்ச நாளெல்லாம் எங்கட பக்கம் தள்ளுறதுதானே வழக்கம்."

"மாஸ்டர், சண்டைக்குப் பேசாதீங்க."

"நான் கணக்குப் பேசுறன் ஹாஜியார்."

நிலுக்சன் கையை உயர்த்தினார். "ஐயாமாரே, ஒரு விசயம். அந்த விண்டோஸ் பக்கத்தில இப்ப ஒண்டும்..."

"தம்பி, பொறுங்க. இது எங்கட உள்வீட்டுப் பிரச்சினை," என்றார் ஹாஜியார்.

நிலுக்சன் கையை இறக்கி, மாலு பாணை எடுத்தார்.

பேச்சு தொண்ணூறுக்குப் போனது. அந்தக் காலத்தில் யார் யாருக்குக் கிணற்றைத் திறந்துவிட்டார்கள், யார் யாருடைய தோட்டத்தில் மழைக்கு நனைந்தார்கள், யார் அரிசி கொடுத்தார்கள், அந்த அரிசியில் எவ்வளவு கல் இருந்தது என்றெல்லாம் அலசினார்கள். கடைசியில் ரஸாக்தான் விஷயத்துக்கு வந்தார். "தம்பி, எங்கட பேர மேல போட என்ன செய்யணும்? அத மட்டும் சொல்லுங்க."

"மெனு எழுதியிருக்கிறது உபுண்டுப் பக்கத்தில அண்ணன். அதுக்குள்ள போய்த்தான் மாத்தணும். டீச்சர்ட பாஸ்வேர்ட் வேணும்."

ரஸாக் திரையை நோக்கிக் கையை நீட்டினார்.

"எங்கட பேர அவங்கட எடத்திலயா எழுதி ஈக்கி?" என்றார் ரஸாக்.

"ஓம் அண்ணன்."

"அப்ப நாங்க மேல வாறதுக்கு அவங்கட அனுமதி எடுக்கணும்?"

"ஓம்."

மாஸ்டர் தேநீரை மெதுவாக, ருசித்துக் குடித்தார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருந்து யாரும் பார்த்ததில்லை. "அனுமதி இல்லை," என்றார்.

"நான் தாறேன்," என்றார் நிஸ்ரின்.

மாஸ்டர் கோப்பையை வைத்தார். நிஸ்ரின் அவரைப் பார்க்கவில்லை. ரஸாக்கைப் பார்த்துத்தான் பேசினார்.

"மேல நீங்களே இருங்க நானா. பத்து செகண்டும் உங்களுக்கே. ஆனா பாஸ்வேர்ட் தர முதல் ஒரு வேல ஈக்கி. போன வருசம் என்னைப் பத்தி மைக்கில சொன்னீங்க. அதே மைக்கில, பேப்பர் போனதுக்கு நான் பொறுப்பில்ல எண்டு சொல்லணும். இப்பவே."

"அது... ஜும்ஆவுக்குப் பொறகு ஆறுதலாச் சொல்லலாமே தங்கச்சி."

"அப்ப மெனுவையும் ஆறுதலா மாத்தலாம்."

ரஸாக் திரையைப் பார்த்தார். கீழ் வரியில் ஊர் கிடப்பது அவர் மனக்கண்ணில் தெரிந்தது. "சரி. ஒருக்காச் சொல்றேன்."

"மூணு தரம்."

"என்னத்துக்கு மூணு?"

"போன வருசம் மூணு தரம் சொன்னீங்க. நான் வீட்டில இருந்து கேட்டுக்கிட்டிருந்த."

ஹாஜியார் இதுதான் சமாதானம் என்று சொல்லி, எல்லோருக்கும் முன்னால் ரஸாக்கின் தோளைத் தட்டினார். ரஸாக் எழுந்து பள்ளிவாசலுக்குப் போனார்.

அந்த நேரத்தில் பள்ளிவாசல் மைக் திறந்தால் ஊரில் ஒரே அர்த்தம்தான்: யாரோ இறந்துவிட்டார். கரகரப்பு கேட்டதுமே பெண்கள் ஈரக் கையோடு வேலிக்கு வந்தார்கள். ரோட்டில் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் காது கொடுத்தார். ரஸாக்குக்கும் மைக்கில் பேசத் தெரிந்த தொனி ஒன்றுதான். மௌத்து அறிவிக்கும் அந்த இழுத்த, கனத்த குரலில் தொடங்கினார். "கண்ணியத்துக்குரிய ஜமாஅத்தாரே. ஒரு முக்கிய அறிவித்தல். அஹதிய்யா நிஸ்ரின் டீச்சர் அவர்கள்..." இங்கே அவர் நிறுத்தி இருமினார். ஊர் முழுக்க உச்சுக் கொட்டியது. "...போன வருடம் பரீட்சைப் பேப்பர் வெளியே போன விடயத்தில் எந்தப் பிழையும் செய்யவில்லை என்பதை அறியத் தருகிறோம்."

மூன்று தரம் சொன்னார். மூன்றிலும் அதே இடத்தில் இருமினார்.

அறையில் நிஸ்ரின் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். மூன்றாவது தரம் முடிந்ததும் விசைப்பலகையை இழுத்துக் கடவுச்சொல்லைத் தட்டினார். செய்னுலாப்தீன் மாஸ்டர் அவர் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "தொண்ணூறில எல்லாத்தையும் விட்டுட்டு வந்த பிறகு, இந்த ஒரு இடத்திலதான் நாங்க மேல இருந்தம். அதையும் குடுத்திட்டியே மகள்."

"கீழ் அம்பை ஒருக்கா அமத்தினா எங்கட பக்கம் வந்திரும் மாஸ்டர்."

"அது எனக்குத் தெரியும். இவ்வளவு காலமா அவர் அது தெரிஞ்சும் துடிச்சிக்கிட்டிருந்தாரே, அதுதான் எனக்குச் சந்தோசம்."

ரஸாக் திரும்பி வரும்போது அவருடைய தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ நிஸ்ரின் டீச்சரின் ஜனாஸா எத்தனை மணிக்கு அடக்கம் என்று கேட்டார்கள். தொலைபேசியை அணைத்துவிட்டு, அலுமாரியைத் திறந்து டோனரைக் கொடுத்தார். நிஸ்ரின் எல்லாத் தாளையும் அச்சடித்துப் பெரிய உறைகளில் போட்டு ஒட்டினார். அதன்பிறகு நிலுக்சன் மெனுவை மாற்றினார். ரஸாக் அவர் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்று, விண்டோஸ் என்று வேண்டாம், ஆங்கில எழுத்தில் ஊர் என்றே போடச் சொன்னார். போட்டார்.

கணினி மறுபடி எழும்பியது. மேல் வரியில் ஊர். பத்து, ஒன்பது என்று விநாடி இறங்கியது. ரஸாக் அம்புச் சாவிப் பக்கம் யாரும் வராமல் கையை நீட்டி மறைத்துக்கொண்டார். பூச்சியம். திரை கறுத்து, வெளுத்து, ஒரு பெட்டி வந்தது: நிறுவலைத் தொடர முடியாது, ஓகேயை அழுத்துங்கள்.

"நான் சொல்லச் சொல்லக் கேக்கேல்லயே," என்றார் நிலுக்சன், பையைத் தோளில் போட்டபடி. "அங்க ஒண்டும் இல்லை அண்ணன். திருப்பிப் போடணும். இப்ப ராம் சுகம், ஒழுங்காப் போகும். வாற கிழமை வந்து போட்டுத் தாறன். பிரச்சினையில்லை. என்ன, விண்டோஸ் போட்ட உடனே இந்த மெனு திருப்பி அழிஞ்சிரும். டீச்சர் இருந்தா நான் திருப்பி எழுதித் தருவன்."

அவர் ஓடிப் போய்க் கடைசி பஸ்ஸைப் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை நடந்தது. உறைகளை மண்டபத்தில் எல்லோரும் பார்க்கத்தான் உடைத்தார்கள். வாட்ஸ்அப்பில் அந்த வாரம் முழுக்கச் சுற்றியது நிஸ்ரின் டீச்சரின் மரணச் செய்தியும் அதற்கான மறுப்பும்தான். தங்கையைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் அனுதாபம் சொல்ல வந்து, டீச்சரே கதவைத் திறந்ததும் வேறு வழியில்லாமல் சம்பந்தம் பேசினார்கள்.

அடுத்த வாரம் நிலுக்சன் ரஸாக்குக்குத் தொலைபேசி எடுத்தார். "அண்ணன், எப்ப வர? விண்டோஸைப் போட்டிருவம்."

ரஸாக் கேட்டார்: "போட்டா மெனு போயிரும் எண்டீங்க?"

"போகும். திருப்பி எழுதலாம். டீச்சர்ட பாஸ்வேர்ட்..."

"வேணாம் தம்பி," என்றார் ரஸாக். "இருக்கிறபடியே இருக்கட்டும்."

இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. காலையில் ரஸாக் கடை திறக்க முன்னால் சங்கத்துக்கு வந்து கணினியைப் போடுவார். மேல் வரியில் ஊரின் பெயரைப் பார்ப்பார். பத்து விநாடி கதிரையில் சாய்ந்திருப்பார். பெட்டி வந்ததும் ஓகேயை அழுத்துவார். கணினி அணைந்து எழும்பி, மறுபடி ஊரின் பெயரை மேலே காட்டும். பிளேன்டீ ஆறும்வரை இது நடக்கும். பிறகு நிஸ்ரின் ஏதும் வேலையாக வந்தால், எழுந்து கதிரையை அவருக்கு விடுவார். அவர் கீழ் அம்பை ஒருமுறை அழுத்துவார்.